நம்மூர்க் கடைச் சுவர்களில் இல்லாத தாள்



நோன்பு வருகிறது. இன்னும் கொஞ்ச நாளில் பஜாரில் சோடனை லைட் கட்டுவார்கள். பெருநாள் யாவாரத்துக்கு ஆள் சேர்ப்பார்கள். நம்மிடம் படித்த பிள்ளைகள்தான் அந்த ஆட்கள். அதற்கு முன்னர் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசிரியர்கள் நாம் சிலர் பேசி முடிவெடுத்தோம். கொஞ்சம் நீளம்தான். முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நாளைக்குச் சாமான் வாங்கப் போகும்போது கடைச் சுவரை ஒருமுறை வடிவாகப் பாருங்கள். மேலே ஆயத்துல் குர்ஸி. அதற்குக் கீழே “கடன் அன்பை முறிக்கும்”. பக்கத்தில் “விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது”. பிறகு “இங்கு கமரா பொருத்தப்பட்டுள்ளது”. உள்ளே போனால் வேலை செய்கிற பிள்ளைகளுக்கென்று இன்னொரு தாள்: “வேலை நேரத்தில் போன் பாவிக்கத் தடை. பிந்தி வந்தால் தண்டம் அறவிடப்படும்.”

எல்லா எழுத்தும் முதலாளியின் உரிமையைச் சொல்கிற எழுத்து. வாங்க வருகிறவனுக்கும் வேலை செய்கிறவனுக்கும் உள்ள உரிமையைச் சொல்லும் எழுத்து ஒன்றையாவது காட்டுங்கள் பார்ப்போம்.

இது சும்மா குறை பிடிக்கிற கதை இல்லை. கடந்த பெருநாளைக்கு நம்மிடம் படித்த 17 வயதுப் பிள்ளை ஒருவன் பக்கத்து ஊர்ப் புடைவைக் கடை ஒன்றில் 12 நாள் நின்றான். காலை 9 மணிக்குப் போனால் இரவு ஒரு மணிக்குத்தான் வீடு. கொம்பியூட்டர் வகுப்புக்குக் காசு சேர்க்கப் போனவன். சேரும்போது வாயால் ஒரு தொகை சொன்னார்கள். பெருநாள் முடிந்து காசு கேட்டபோது அதில் பாதியைக் கொடுத்து, “பொடியன் இப்பதானே பழகுறான்” என்றார்கள். பிந்தி வந்ததாக இரண்டு நாள் காசையும் வெட்டியிருந்தார்கள். அவனுடைய வாப்பாவோடு நம்மில் இரண்டு பேர் போய்க் கதைத்தோம். “என்ன பேசினீங்க, எவ்வளவு பேசினீங்க, எழுத்தில ஏதும் இருக்கா சேர்?” என்று நம்மையே திருப்பிக் கேட்டார் முதலாளி. இல்லை. எழுத்து இல்லாமல் வைத்தவரும் அவர்தான், எழுத்து எங்கே என்று கேட்டவரும் அவர்தான். நாம் வாயடைத்துத் திரும்பி வந்தோம்.

அன்றைக்கு நமக்கே சட்டம் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பிறகுதான் தேடிப் படித்தோம்.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று ஒன்று 1954ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. 19ஆம் இலக்கச் சட்டம். ஒருவரை வேலைக்குச் சேர்த்தால் என்ன வேலை, என்ன சம்பளம், எப்போது கொடுக்கப்படும் என்ற விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது அது. சாப்பாட்டு நேரம் போக நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்குக் கொடுப்பனவு. அந்த மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை. முதலாளி நினைத்தபடி தண்டம் வெட்டவும், 18 வயது நிரம்பாத பிள்ளையை நடுச்சாமம் தாண்டி நிறுத்தி வைக்கவும் அதில் இடமே இல்லை.

சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் இன்னும் பழையது, 1941. அந்தச் சபைகளின் கீழ் வரும் தொழில்களில் சம்பள வீதத்தையும் வேலை நேரத்தையும் எழுதி, வேலை செய்கிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் தொங்கவிட வேண்டும். தொழிற்சாலை என்றால் 1942ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் சுருக்கத்தை வாசலில் ஒட்ட வேண்டும். இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். நம்மூர் ஆலைகளிலும் பட்டறைகளிலும் எத்தனை வாசலில் அப்படி ஒரு தாளைக் கண்டிருக்கிறோம்?

தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் கையால் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். பத்து வருடம் ஒரே கடையில் நின்ற ராத்தாமார் நம்மூரில் இருக்கிறார்கள். சேமலாப நிதி இலக்கம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் எங்களுக்கு இல்ல சேர், அது கவர்மென்ட் ஆக்களுக்கு” என்பார்கள். இப்படித்தான் ஒரு மனிசியின் வயோதிபக் காலத்துக் காசு காணாமல் போகிறது. யாரும் களவெடுக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி வாங்குகிற நம்முடைய பக்கம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, பொதியில் விலை அச்சிடாத சாமானுக்கு வியாபாரி விலையை எழுதிக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். பாண் ஒரு றாத்தல் என்றால் 450 கிராம், அரை றாத்தல் 225 கிராம். அந்த நிறையையும் வாங்குகிறவருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் 500 மில்லி லீற்றர் 70 ரூபாய், ஒரு லீற்றர் 100 ரூபாய் என்று 2025 ஏப்ரலிலிருந்து உச்ச விலை இருக்கிறது. பஸ் நிலையத்தில் 80 ரூபாயும் 90 ரூபாயும் கொடுத்துவிட்டுப் பேசாமல் பஸ் ஏறுகிறோம். உச்ச விலைக்கு மேல் விற்றால் தனி ஆளுக்கு ஆகக் குறைந்த தண்டம் ஒரு லட்சம், கம்பனிக்கு ஐந்து லட்சம். 2021இல் திருத்திய சட்டம் இது.

மீனுக்கும் மரக்கறிக்கும் விலை எழுதாத இடத்தில் என்ன நடக்கிறது? ஆளைப் பார்த்து விலை. ஹாஜியாருக்கு ஒரு விலை, தோட்டத்தில் இருந்து வந்த அம்மாவுக்கு இன்னொரு விலை. பேரம் பேசத் தெரியாதவர்தான் கூடக் கொடுக்கிறார். அவர் பெரும்பாலும் ஏழை.

இதைச் சொன்னவுடன் நமக்கு மூன்று பதில் வரும். மூன்றையும் கேட்டுவிட்டோம்.

ஒன்று, “நம்மட ஆக்களை நாமளே காட்டிக் கொடுக்கிறதா? ஏற்கனவே நம்மட கடைகளுக்கு எவ்வளவு சோதனை!” உண்மைதான். 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனயிலும் நம்மவர் கடைகள் எரிந்ததை மறக்கவில்லை. 2019க்குப் பிறகு கடைக்கு வராதே என்று பிரசாரம் செய்ததையும் மறக்கவில்லை. அந்தக் கெட்ட காலத்திலும் சிங்கள, தமிழ் வாடிக்கையாளர் பலர் நம் கடைகளை விட்டுப் போகவில்லை. ஏன்? விலை நியாயம், நிறை சரி என்ற நம்பிக்கையால். விலைப் பட்டியலை மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிடுகிற கடைதான் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும். மறைக்கிற கடை எல்லோருக்கும் சேர்த்துப் பெயரைக் கெடுக்கும். அத்தோடு, அந்த 17 வயதுப் பிள்ளையும் நம்மட ஆள் இல்லையா?

இரண்டு, “சின்னக் கடை சேர், கட்டுப்படியாகாது.” சம்பளம் கொடுக்கக் கஷ்டம் என்பதைக் கேட்கிறோம். கரண்ட் பில், கடை வாடகை, கடன் எல்லாம் தெரியும். ஆனால் பேசிய சம்பளத்தை எழுதிக் கொடுக்க ஒரு தாள் போதும். விலை எழுத ஒரு கரும்பலகையும் சோக்குக் கட்டியும் போதும். சோக்கு வேண்டுமென்றால் நாமே தருகிறோம்.

மூன்று, “நாங்க நம்பிக்கையில யாவாரம் செய்றவங்க, பேப்பர் எதுக்கு?” இந்தப் பதில்தான் நமக்குக் கூடக் கவலை. கடனை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்று குர்ஆன் சொல்கிற சமூகம் நாம். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைப் பற்றிய எச்சரிக்கையோடு தொடங்குகிற ஒரு சூராவே உண்டு. கூலிக்காரனின் வியர்வை பற்றிய ஹதீஸை வருடா வருடம் குத்பாவில் கேட்கிறோம். கேட்டுவிட்டு வெளியில் வந்து செருப்பைத் தேடுகிறோம். கடனுக்குக் கொப்பி வைத்திருக்கிற முதலாளி சம்பளத்துக்கு மட்டும் ஏன் நம்பிக்கை என்கிறார்?

நம் மீதும் குற்றம் இருக்கிறது. வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் பாடத்தில் நுகர்வோர் பாதுகாப்பைப் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் மனனம் செய்து புள்ளி எடுக்கிறார்கள். அதே பிள்ளை கடைக்கு வேலைக்குப் போகும்போது “எழுதி வாங்கிட்டுச் சேரு மகன்” என்று ஒருவரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

ஆகவே நோன்புக்கு முன் ஊரிடம் கேட்பது இவ்வளவுதான்.

வர்த்தக சங்கம் ஒரு கூட்டம் போட்டு, தொழில் அலுவலகத்திலிருந்தும் நுகர்வோர் அதிகார சபையிலிருந்தும் ஆளைக் கூப்பிட்டு, என்னென்ன தாள் ஒட்ட வேண்டும் என்று கேட்டறியட்டும். தண்டம் அடிக்க வருமுன் நாமாகக் கூப்பிடுவது மரியாதை. பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு ஜும்ஆவை இதற்கு ஒதுக்கட்டும். பிள்ளைகளைப் பெருநாள் வேலைக்கு அனுப்பும் வாப்பா உம்மாமார், சம்பளமும் நேரமும் எழுதிய ஒரு துண்டு கைக்கு வராமல் அனுப்ப வேண்டாம். எழுதத் தெரியாவிட்டால் பாடசாலைக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். சாமான் வாங்குகிற நாம் எல்லோரும் பில்லைக் கேட்டு வாங்குவோம். அநியாய விலை என்றால் முதலில் கடைக்காரரிடம் பண்பாகச் சொல்வோம். கேட்காவிட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது.

ஒழுங்காக நடக்கிற கடைகளும் ஊரில் இருக்கின்றன. அவர்கள் கோபிக்க மாட்டார்கள். கோபம் வருகிறவர்கள் முதலில் தங்கள் கடைச் சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கொமென்ட் போடுங்கள்.

அந்தப் பிள்ளை இந்த வருடமும் வேலை தேடுகிறான். கொம்பியூட்டர் வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. இந்த முறை அவன் கையில் ஒரு தாள் இருக்குமா என்பது ஊர் முதலாளிமார் கையில் இருக்கிறது.