குறட்டையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்

பித்தப்பைக் கல்லோ மூட்டு மாற்றோ, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டாக்டர் செய்கிறார்?" என்பதுதான். மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு. உடல் எடை கூடியவர்களுக்கோ, மிகவும் ஆபத்தான சில நிமிடங்கள் அவர் கையில்தான் இருக்கின்றன.

இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி அல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். இந்தியரிடையே அது 63.9 விழுக்காடு. 2023 ஆய்வில் தேசிய அளவு 54.4 ஆக ஏறிவிட்டது.

முழு மயக்கத்தில் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்ததும் மூச்சு நின்றுவிடும். தொண்டையில் குழாய் பொருத்தி இயந்திரத்தோடு இணைக்கும் வரை, நுரையீரலில் முன்கூட்டியே நிரப்பிய ஆக்சிஜன்தான் கையிருப்பு. சராசரி எடையுள்ள நலமான ஒருவருக்கு அது ஏறக்குறைய 8 நிமிடம் தாங்கும். மிகவும் பருத்தவருக்கு 3 நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம். மல்லாந்து படுக்கும்போது வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரலைச் சுருக்குவதே காரணம். கழுத்துக் கொழுப்பு மூச்சுப் பாதையையும் நெருக்கும்.

இதற்கெல்லாம் வழி உண்டு. தலையையும் தோளையும் உயர்த்திப் படுக்க வைப்பார்கள். நுரையீரல் சுருங்காதபடி இயந்திரம் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும். நன்றாக விழித்த பிறகே குழாயை எடுப்பார்கள். ஆனால் இவற்றுக்கு ஆயத்தமாக, நோயாளியின் நிலை முன்பே தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் 2011இல் வெளியான தேசிய ஆய்வு, மயக்கத்தின்போது ஏற்பட்ட கடுமையான மூச்சுப் பாதைச் சிக்கல்களில் பருமனானவர்களின் பங்கு மிக அதிகம் என்றும், பல இடங்களில் ஆயத்தம் போதவில்லை என்றும் காட்டியது.

உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவோரைக் கண்டறிய, டொரோண்டோ மருத்துவர்கள் 2008இல் 'ஸ்டாப்-பேங்' என்ற 8 கேள்விகளை வகுத்தனர். குறட்டை, பகல் சோர்வு, உறக்கத்தில் மூச்சு நிற்பது, இரத்த அழுத்தம், எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, பாலினம் ஆகியவையே அவை. தேவைப்படுவது ஒரு அளவு நாடாவும் ஐந்து நிமிடமும்தான்.

கிள்ளானானாலும் கோலாலம்பூரானாலும், அரசு மருத்துவமனையோ தனியாரோ, அறுவைக்கு முன் ஒவ்வொருவரிடமும் இக்கேள்விகளைக் கேட்பது கட்டாயமாக வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்த முதியவரிடம் தமிழிலேயே கேட்க வேண்டும். "இவ்வளவு குண்டாக இருக்கிறீர்களே" என்று கடிந்துகொள்வது உதவாது. ஏச்சுக்குப் பயந்தவர் அடுத்த முறை உண்மையை மறைப்பார்.

நம் பங்கும் உண்டு. குறட்டை விடுபவருக்கு அது தெரியாது. அருகில் படுப்பவருக்கே தெரியும். ஆகவே கணவரையோ மனைவியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். எடை குறைக்க வாராந்தர ஊசி போடுகிறீர்களா? அதையும் சொல்லுங்கள். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், பட்டினி கிடந்தாலும் வயிற்றில் மிஞ்சிய உணவு மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகக்கூடும். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். என்ன செய்வது என்பதை மயக்க மருந்து நிபுணர் முடிவு செய்யட்டும்.