1,600 மணி நேரம்: வேலையோடு முதுகலை படிப்பவர்களின் கணக்கு

என் பெரியம்மா மகள் கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறார். மெடிக்கல் கார்டு வைத்திருப்பவர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் பிரிவு. அதோடு பகுதிநேரமாக முதுகலைப் படிப்பும் படிக்கிறார். சென்ற தீபாவளிக்குக் குடும்பமே தாத்தா வீட்டில் கூடியிருந்தபோது, அவர் மட்டும் மாடியறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். சாப்பிட இறங்கி வந்தவரிடம், "நல்ல வேலைதான் கிடைச்சிருச்சே, இன்னும் எதுக்கும்மா படிப்பு?" என்று அத்தை கேட்டார். அக்கா சிரித்துவிட்டு மீண்டும் மேலே போய்விட்டார்.

அத்தையின் கேள்வி எனக்கும் உரியதுதான். நான் இப்போது இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. என் நண்பர்கள் பலர், "முதலில் வேலையில் சேர்வோம், மாஸ்டர்ஸைப் பகுதிநேரமாகச் செய்துகொள்ளலாம்" என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று மாலை அக்காவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு, அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை.

நேரத்தின் கணக்கு

மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி, பாடங்களின் வழி படிக்கும் முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட் தேவை. ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, சொந்த வாசிப்பு, இடுபணி, தேர்வு எல்லாம் அதில் அடங்கும். 40ஐ 40ஆல் பெருக்கினால் 1,600 மணி நேரம். இரண்டு ஆண்டுகளில் முடிக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 15 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதுவும் ஒரு வாரம்கூட விடாமல் படித்தால்தான்.

இனி வேலை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால், 2023 ஜனவரி 1 முதல் வாராந்திர வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. 45 மணி நேரம் வேலை செய்பவர் 15 மணி நேரம் படித்தால், வாரத்தில் 60 மணி நேரம் போய்விடும். தூக்கத்துக்கு 56 மணி நேரம் ஒதுக்கினால், மிஞ்சுவது 52 மணி நேரம். எல்ஆர்டி பயணம், சமையல், துணி துவைப்பது, அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது எல்லாம் அதற்குள்தான்.

விடுமுறையும் கை கொடுப்பதில்லை. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவாக வேலை செய்தவருக்குச் சட்டப்படி உறுதியான ஆண்டு விடுப்பு 8 நாள்தான். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை 12 நாள். தேர்வுக்கென்று தனி விடுப்பைச் சட்டம் தரவில்லை. சில நிறுவனங்கள் தாமாகக் கொடுக்கின்றன. அக்காவின் நிறுவனம் கொடுப்பதில்லை. எனவே சென்ற தவணையில் அவருடைய ஆண்டு விடுப்பு முழுவதும் தேர்விலேயே கரைந்தது.

பணத்தின் கணக்கு

"கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், வரிக்கழிவு இருக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரிக்கழிவு உண்டு. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் எந்தத் துறையாக இருந்தாலும் அது பொருந்தும். 7,000 ரிங்கிட் கையில் திரும்பி வரும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்துதான் அந்தத் தொகை கழிக்கப்படும்.

மாதம் 3,500 ரிங்கிட் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 42,000 ரிங்கிட். தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் கழிவு 4,000 போக மீதி 29,000. வேறு கழிவு இல்லை என்று வைத்துக்கொண்டால் அதற்கான வரி 420 ரிங்கிட். வரி விதிக்கப்படும் வருமானம் 35,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்குக் கிடைக்கும் 400 ரிங்கிட் தள்ளுபடி போனால், அவர் கட்ட வேண்டியது வெறும் 20 ரிங்கிட். ஆகவே 7,000 ரிங்கிட் கல்விக் கழிவால் அவருக்கு மிச்சமாவதும் அந்த 20 ரிங்கிட்தான்.

இதே கணக்கை மாதம் 8,000 ரிங்கிட் சம்பளம் வாங்குபவருக்குப் போட்டால் 1,330 ரிங்கிட் மிச்சமாகிறது. சம்பளம் கூடக் கூட உதவியும் கூடுகிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன, உதவி அதிகம் தேவைப்படும் இளையர்களுக்கு இந்தச் சலுகை ஏறக்குறைய இல்லாதது போலத்தான்.

இன்னொரு வழி இபிஎஃப். 2024 மே முதல் சந்தாப் பணம் மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. கல்விக்காகப் பணம் எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்குக்குப் போவது 15 விழுக்காடு. 3,500 ரிங்கிட் சம்பளத்தில் ஊழியரின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்தால் மாதம் 840 ரிங்கிட். அதில் 15 விழுக்காடு 126 ரிங்கிட். இரண்டு ஆண்டுகள் சேர்த்தாலும் ஏறக்குறைய 3,000 ரிங்கிட்தான் வரும். இதற்கிடையே இளங்கலைக்கு வாங்கிய பிடிபிடிஎன் கடனையும் மாதாமாதம் கட்ட வேண்டியிருக்கும்.

காப்புறுதித் துறைக்குப் பட்டம் தேவையா?

காப்புறுதித் துறையில் மேலே போவதற்கு முதுகலை ஒன்றே வழி அல்ல. முகவராக வேண்டுமென்றால் அதற்குரிய முன்தேர்வில் தேற வேண்டும். அலுவலக ஊழியர்கள் காப்புறுதித் துறைக்கான டிப்ளோமாவையோ, லண்டன் சார்ட்டர்ட் காப்புறுதிக் கழகத்தின் தேர்வுகளையோ எழுதுகிறார்கள். பிரிமியத்தையும் எதிர்கால இழப்பீட்டையும் கணிக்கும் ஆக்சுவரிகளுக்குத் தனித் தேர்வுத் தொடர் உண்டு. அந்தத் தொடரை முடிக்காத ஒருவரை முதுகலைப் பட்டம் மட்டும் ஆக்சுவரி ஆக்கிவிடாது.

தொழில்முறைத் தேர்வுகளை ஒவ்வொரு தாளாக எழுதலாம். ஒரு பருவத்தில் வேலை அதிகமென்றால் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடலாம். முதுகலை அப்படியல்ல. பதிவு செய்த பாடத்துக்கு வகுப்பு, குழுப்பணி, கெடு எல்லாம் உண்டு. எனவே பதவி உயர்வு மட்டுமே நோக்கம் என்றால், தங்கள் பிரிவில் எந்தத் தகுதியை மதிக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் அக்கா ஏன் முதுகலையைத் தேர்ந்தெடுத்தார்? அதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு.

மெடிக்கல் கார்டு பிரிமியம் உயர்கிறது என்ற கடிதங்கள் வீடுகளுக்குப் போன நேரம் அது. நாடு முழுவதும் எழுந்த புகார்களைத் தொடர்ந்து, பேங்க் நெகாரா 2024 டிசம்பர் 20ஆம் தேதி சில இடைக்கால நடவடிக்கைகளை அறிவித்தது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்பதும், குறைந்தது 80 விழுக்காட்டுக் காப்புறுதிதாரர்களுக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் அடங்கும். அந்த அறிவிப்புக்கு முந்தைய வாரங்களில் ஒரு மூதாட்டி அக்காவிடம் தமிழில் கேட்டாராம்: "இத்தனை வருஷம் கட்டினேன். இப்போ வயசாகி நோய் வர்ற நேரத்தில விடச் சொல்றியாம்மா?"

அக்காவின் முன்னால் இருந்த தாளில் அதற்கு எழுதி வைத்த பதில் ஒன்று இருந்தது: மருத்துவச் செலவின் பணவீக்கம். அதைப் படித்துக் காட்டினார். ஆனால் அது ஏன் உயர்கிறது, யாரால் உயர்கிறது, வயதானவருக்கு ஏன் அதிகமாக விழுகிறது என்று அவருக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சுகாதாரப் பொருளியல் பாடம் உள்ள ஒரு முதுகலையைத் தேடிச் சேர்ந்தார்.

இது எனக்கு முக்கியமாகப் பட்டது. கேள்வி வேலையிலிருந்து வந்தது. அதனால் இரவு பத்து மணிக்கு ஆய்வுக் கட்டுரை படிக்கும்போதும் அவருக்கு அது வேறொரு வேலையாகத் தெரிவதில்லை. அவரோடு சேர்ந்தவர்களில் "சும்மா ஒரு மாஸ்டர்ஸ் இருக்கட்டும்" என்று வந்த இருவர், முதல் தவணையிலேயே நின்றுவிட்டார்களாம்.

நேரத்தைக் கேட்டு வாங்கலாம்

வரிக்கழிவு, இபிஎஃப் ஆகிய உதவிகள் எல்லாம் பணத்தைப் பற்றியவை. பகுதிநேர மாணவருக்கு அதிகம் குறைவது நேரம். அதற்குச் சட்டத்தில் ஒரு சிறு வாசல் இருக்கிறது. 2023 முதல், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றில்லை. ஆனால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

அக்கா முதலில் வாய்மொழியாகக் கேட்டார். "இந்த நெருக்கடி முடியட்டும், பார்க்கலாம்" என்றார் மேலாளர். மூன்று மாதமாகியும் நெருக்கடி முடியவில்லை. பிறகு எழுதிக் கொடுத்தார். வகுப்புள்ள இரண்டு நாள்களில் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம் என்று அனுமதி கிடைத்தது. மாலை வகுப்புக்கு இப்போது அவர் தாமதமாகப் போவதில்லை.

பட்டம் இல்லாமலே வேலைக்குப் போன நம் அண்ணன், அக்கா, பெற்றோருக்கும் ஒரு செய்தி உண்டு. 30 வயதைத் தாண்டி, எஸ்டிபிஎம் அல்லது டிப்ளோமா தகுதியும் தொடர்புடைய வேலை அனுபவமும் உள்ளவர்கள், ஏபெல் மதிப்பீட்டின் வழி நேரடியாக முதுகலைக்கே விண்ணப்பிக்கலாம். வேலையில் கழித்த ஆண்டுகளும் அங்கே கல்வித் தகுதியாகக் கணக்கில் வரும். ஆனால் அந்த 1,600 மணி நேரம் அவர்களுக்கும் குறையாது.

என் முடிவைச் சொல்கிறேன். இளங்கலை முடிந்ததும் நான் உடனே முதுகலையில் சேரப்போவதில்லை. இரண்டு ஆண்டுகளாவது வேலை செய்து, பிடிபிடிஎன் கடனில் ஒரு பகுதியைக் கட்டப்போகிறேன். அதற்குள், பதில் தெரியாமல் என்னைத் தூங்கவிடாத ஒரு கேள்வி வேலையில் கிடைத்தால் படிப்பேன். கிடைக்காவிட்டால் ஒரு தொழில்முறைத் தேர்வு எழுதுவேன். உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். பதிவுப் படிவத்தை நிரப்பும் முன் உங்கள் ஒரு வாரத்தைத் தாளில் எழுதி, 15 மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று மட்டும் பாருங்கள்.

அக்காவுக்கு இன்னும் ஒரு தவணை பாக்கி. அந்த மூதாட்டி மறுபடியும் அழைத்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "பிரிமியத்தை என்னால் குறைக்க முடியாது. ஆனால் அது ஏன் ஏறுகிறது, அவர் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தமிழிலேயே விளக்கிச் சொல்வேன்" என்றார்.