ஸ்பார்க் வரலையா? உடனே சி.டி.ஐ.யை மாத்து!

இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்கு பி.பி. எகிறுது. கொஞ்சம் புலம்பிக்கிறேன், பொறுத்துக்குங்க மக்கா.

எங்க சித்தப்பாவுக்குத் தூத்துக்குடி பக்கம் ஒரு ஃபைபர் வள்ளம். ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். போன வருசம் ஒருநாள் கயிறை எத்தனை தடவை இழுத்தும் ஸ்டார்ட் ஆகலை. மெக்கானிக் வந்தார். பிளக்கைக் கழட்டிப் பாத்தார், ஸ்பார்க் இல்லை. அடுத்த வார்த்தை, "சி.டி.ஐ. போச்சு அண்ணாச்சி!" மீட்டர்னு ஒண்ணு அவர் பையிலேயே கிடையாது. புதுசு வாங்கி மாட்டினார், ஓடிச்சு. நாலாம் நாள் நடுக்கடல்ல நின்னுடுச்சு. இன்னொரு வள்ளம் போய்க் கட்டி இழுத்துட்டு வந்துச்சு. சித்தி அன்னைக்குச் சாப்பிடவே இல்லை.

கோளாறு என்ன தெரியுமா? எஞ்சினை நிறுத்துற சுவிட்சோட ஒயர். கவருக்குள்ள உரசி உரசி மேல்தோல் தேஞ்சு எஞ்சின் பாடியில பட்டுக்கிட்டிருந்தது. சி.டி.ஐ.யை மாத்தும்போது ஒயர் கொஞ்சம் நகந்ததால நாலு நாள் ஓடியிருக்கு, அவ்ளோதான்!

இதுல பிரம்ம ரகசியம் எதுவும் இல்லை. ஃப்ளைவீல் காந்தம் சுத்தும்போது சார்ஜ் காயில்ல கரண்ட் உண்டாகும். சி.டி.ஐ. அதைக் கெபாசிட்டர்ல சேத்து வெச்சு, பல்சர் காயில் சொல்ற நேரத்துக்கு இக்னிஷன் காயிலுக்குத் திறந்து விடும். அங்க பல்லாயிரம் வோல்ட் ஆகி, பிளக்ல பொறியா தாண்டும். நிறுத்துற சுவிட்ச் அந்தக் கரண்டை எர்த் பண்ணிடும். ஒயர் தானா எர்த் ஆனாலும் அதே கதிதானே?

அப்ப வரிசை என்ன? முதல்ல, பாதுகாப்புக் கயிறோட கிளிப் சுவிட்ச்ல மாட்டியிருக்கா? அடுத்து, நல்ல பிளக்குகளைப் போட்டு, பாடியில தொட வெச்சு இழுக்கணும் (பெட்ரோல் சிந்தியிருந்தா வேண்டாம் சாமி). ஒரு சிலிண்டர்ல மட்டும் பொறி இல்லைன்னா பிளக் கேப், அதோட ஒயர், காயில். ரெண்டுலயும் இல்லைன்னா, பிளக்குகள் வெளியில இருக்கும்போதே நிறுத்துற சுவிட்ச் ஒயரைக் கழட்டிட்டு மறுபடி இழு. பொறி வந்துட்டா திருடன் அங்கதான். வரலையா, கனெக்டர்ல பச்சை பூத்திருக்கானு பாரு; உப்புக்காத்து சும்மா விடாது. அப்புறம் மல்டிமீட்டர்ல காயில்களோட ஓம்ஸை எடுத்து சர்வீஸ் மேனுவலோட ஒப்பிடு. எல்லாம் சரின்னா மட்டும் சி.டி.ஐ. மேல கை வை.

மெக்கானிக்கை மட்டும் திட்டினா அது அநியாயம். ஒரு மணி நேரம் சோதிச்சு, ஒயர்ல டேப் சுத்திட்டு முந்நூறு ரூபா கேட்டா, "டேப் ஒட்டினதுக்கா இவ்வளவு?"ன்னு சண்டைக்குப் போறது நாமதானே? அதுவே ஆயிரக்கணக்குல பெட்டி வாங்கி மாட்டினா வாயைத் திறக்காம எண்ணிக் கொடுக்குறோம். பொருளுக்குக் காசு உண்டு, மூளைக்குக் கிடையாது. அப்ப அவர் மட்டும் ஏன் மெனக்கெடணும்?

ஆனா கடல்ல நிக்குற எஞ்சினுக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது.

கடைசியா, தூக்கிப் போட்ட அந்தப் பழைய சி.டி.ஐ.யை எடுத்து மாட்டிப் பாத்தோம். ஜம்முனு ஓடுது :-(

உங்க ஊர்ல பைக்குக்கும் பம்புசெட்டுக்கும் இதே கதைதானா? சொல்லுங்க மக்கா.