கையொப்பமும் கடப்பாடும்

வருமான வரி விபரத்திரட்டை உரிய நாளில் அஞ்சலில் சேர்த்தும், அதில் கையொப்பமிட மறந்தவர் சட்டத்தின் பார்வையில் எதனையும் சமர்ப்பிக்காதவராகவே கருதப்படுகின்றார். அமெரிக்காவின் நடைமுறை இதுவாகும்.

கணவனும் மனைவியும் கூட்டாகச் சமர்ப்பிக்கும் விபரத்திரட்டிலும் பொதுவாக இருவரது கையொப்பமும் அவசியம். கையொப்பம் விடுபட்டால் வரி மீளளிப்பு தாமதமாகின்றது. செலுத்தவேண்டிய வரி எஞ்சியிருப்பின் மாதமொன்றுக்கு அதன் 5 வீதம், உச்சமாக 25 வீதம் வரை தண்டம் விதிக்கப்படலாம். அதனிலும் பாரதூரமானது வேறொன்று. வரியை மீள மதிப்பிடுவதற்கு அரசுக்குள்ள 3 வருடக் கால எல்லை, செல்லுபடியான விபரத்திரட்டு கிடைக்கும் வரை தொடங்குவதேயில்லை.

கையொப்பம் வெறும் சம்பிரதாயமன்று. பொய்யுரைத்தால் தண்டனைக்குட்படுவேன் என்ற உறுதிமொழி அது. எனவே சட்டத்தின் கண்டிப்பை நாம் குறைகூறவில்லை. ஆனால் 2020இல் கொவிட் தொற்றினால் அந்நாட்டு வரி அலுவலகங்கள் மூடப்பட்டபோது, கடிதங்கள் திறக்கப்படாமலே குவிந்து கிடந்தன. தமது தவறை அறிந்துகொள்வதற்கே மக்கள் காத்திருக்க நேர்ந்தது.

எமது நாட்டில் மார்ச் 31இல் முடிவடையும் மதிப்பீட்டாண்டுக்கான விபரத்திரட்டை நவம்பர் 30இற்குள் சமர்ப்பிக்க வேண்டும். தமிழ் பேசும் மக்களில் பலர், பிறர் ஆங்கிலத்தில் நிரப்பிய படிவங்களிலேயே கையொப்பமிடுகின்றனர். வாசித்து விளங்காத உறுதிமொழியின் கீழ் இடப்படும் கையொப்பம், விடுபட்ட கையொப்பத்தைவிட ஆபத்தானது.

பிரஜையிடம் கண்டிப்பை எதிர்பார்க்கும் அரசு, குறையை உடனடியாகவும் அவரது மொழியிலும் அறிவிக்கும் கடப்பாட்டை ஏற்கவேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.