லப்டொப்பா, டெஸ்க்டொப்பா? மேசை ஆருடையது?

பழைய லப்டொப் இழுக்குது, புதுக் கேம் ஒண்டும் ஓடுதில்லை, கையில் மூண்டரை இலட்சம் இருக்கு. கேமிங் லப்டொப் எடுக்கிறதா, டெஸ்க்டொப் கட்டுறதா? மாதத்துக்கு ஒருவராவது எங்களிடம் இதைக் கேட்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்னர் எங்களிடம் ஒரே பதில்தான் இருந்தது: டெஸ்க்டொப். யோசிக்கக்கூட மாட்டோம். யூடியூப்பில் எல்லாரும் சொல்வது அதுதான், கணக்கும் அதைத்தான் சொல்லுது. இப்போது அப்படிச் சட்டெண்டு சொல்ல வாய் வருகுதில்லை.

கணக்கில் பிழை இல்லை, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம். ஆர்டிஎக்ஸ் 4070 என்ற பெயரை எடுங்கோ. டெஸ்க்டொப்பில் அந்தக் கார்டுக்கு 12 ஜிபி நினைவகம், 200 வாட் மின்சாரம். லப்டொப்பில் அதே பெயரில் வருவதற்கு 8 ஜிபிதான். உள்ளே இருக்கிற சிப்பும் வேறு. டெஸ்க்டொப்பில் 4060 டிஐ என்று விற்கிற கார்டின் சிப் அது. அதற்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லப்டொப் செய்கிற கொம்பனி தீர்மானிக்குது, 35 வாட்டிலிருந்து 115 வாட் வரைக்கும். அதனால் மெல்லிய, வடிவான லப்டொப்பில் இருக்கிற 4070, தடிச்ச லப்டொப்பில் இருக்கிற 4060இடம் தோற்கிறதும் உண்டு. முன்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இந்த வாட் கணக்கு இருக்காது. விற்கிறவருக்கும் அநேகமாகத் தெரியாது. லப்டொப்தான் எண்டு முடிவெடுத்தவர்கள் கார்டின் பெயரைக் கேட்டதோடு காசை நீட்டிவிடாதேங்கோ, அந்த மாடலுக்கு எத்தனை வாட் எண்டு தேடிப் பாருங்கோ.

ஆனால் எங்களை டெஸ்க்டொப் பக்கம் இழுத்தது வேகத்தைவிட, எங்கட கைக்குக் காசு வருகிற விதம். மொத்தமாகக் காசு வருவது எப்பவாவது ஒரு தரம்: சீட்டு விழுந்தால், கனடா மாமா வந்து போனால். மற்றபடி எல்லாம் சில்லறைதான். டெஸ்க்டொப் சில்லறைக் காசுக்கு இடம் தரும். இந்த வருசம் றாம், அடுத்த வருசம் கார்ட். ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெட்டைப் பாருங்கோ. 2017இல் முதலாவது ரைசனோடு வந்த மதர்போர்ட்களில் பலவற்றில், பயோஸை மட்டும் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த 5800எக்ஸ்3டியைப் போடலாம். லப்டொப்பில் எஸ்எஸ்டி மாத்தலாம், அதிர்ஷ்டம் இருந்தால் றாமும் மாத்தலாம். புரொசசரும் கார்டும் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியவை. ஒண்டு போனால் எல்லாம் போச்சு. எங்களில் ஒருவனின் லப்டொப் வாரண்டி முடிந்து மூன்றாம் மாதம் போர்ட் எரிந்தது. கொழும்புக்கு அனுப்பி ஏழு கிழமை காத்திருந்தான். கடைசியில் திருத்தக் கேட்ட காசுக்கு ஒரு பாவித்த டெஸ்க்டொப்பே வாங்கியிருக்கலாம்.

இதெல்லாம் தெரிந்துதான் டெஸ்க்டொப், டெஸ்க்டொப் எண்டு சொல்லிக்கொண்டு திரிந்தோம். பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. எங்கட டெஸ்க்டொப் எல்லாம் அலுமாரி மாதிரி நிண்டது. யூபிஎஸ் இருக்கே எண்டு கேட்பீங்கள். வீடுகளில் சாதாரணமாக வைத்திருக்கிற 650 விஏ யூபிஎஸ் உண்மையில் 400 வாட்டும் தாங்காது, அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். செய்த வேலையை சேவ் பண்ணி மெசினை நிற்பாட்ட அது அவகாசம் தரும், அவ்வளவுதான். லப்டொப்காரர் அந்த நாட்களிலும் அசைன்மென்ட் எழுதிச்சினம். கேம் விளையாடவில்லை, பற்றரியில் கேமிங் லப்டொப்பின் வேகம் படுத்துவிடும், பற்றரியும் ஒரு மணித்தியாலம் தாங்கினால் பெரிய விசயம். ஆனால் எழுத்து வேலைக்கு அது காணும். இப்ப அந்த வெட்டு இல்லை, உண்மைதான். ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததெண்டு சொல்லி முழு நாடும் இருட்டானது. குரங்கை வைத்து என்ன கணக்குப் போடுறது.

கரண்ட் பில்லையும் ஒருக்கால் பாருங்கோ. நடுத்தர டெஸ்க்டொப் கேம் ஓடும்போது 300 வாட் இழுக்குது எண்டு வைப்பம். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம், முப்பது நாள்: 36 யூனிட். 150 வாட் இழுக்கிற லப்டொப்புக்கு 18. சின்னக் கணக்குத்தான். ஆனால் எங்கட மின்கட்டணத்தில் 60 யூனிட் ஒரு கோடு. அதைத் தாண்டினால் மேலதிகமாகப் பாவித்ததற்கு மட்டும் விலை கூடுகிறதில்லை, முதல் 60 யூனிட்டின் விலையும் மாறுது. மாதம் 50 யூனிட் எரிக்கிற வீட்டில் இரண்டுமே கோட்டைத் தாண்ட வைக்கும், டெஸ்க்டொப் இன்னும் தூரமாகத் தாண்ட வைக்கும். பில் கட்டுறது அப்பாவெண்டால் இதை முதலே அவரிடம் சொல்லி வையுங்கோ.

நாங்கள் மனம் மாறியதற்கு ஆகப் பெரிய காரணம் எங்களில் ஒருத்தி. 2021 கடைசியில், சம்பளத்தில் சேர்த்த காசில் கேமிங் லப்டொப் எடுத்தாள். நாங்கள் விட்டோமா? அதே காசுக்கு எவ்வளவு நல்ல டெஸ்க்டொப் கட்டலாம் எண்டு பட்டியலே போட்டுக் கொடுத்தோம். அவளுக்கு அந்தக் கணக்கு எங்களைவிட நல்லாத் தெரியும். கேட்டுவிட்டு ஒண்டு சொன்னாள்: "டெஸ்க்டொப் வாங்கினா அது வீட்டின்ர. லப்டொப் வாங்கினா அது என்ர."

எங்கட வீடுகளில் கொம்பியூட்டர் மேசை எங்கே இருக்கும்? ஹோலில். பெரும்பாலும் வாசலைப் பார்த்தபடி, இருக்கிறவரின் முதுகு முழு வீட்டுக்கும் தெரிகிற மாதிரி. அதில் பொடியன் ஹெட்செட் போட்டுக்கொண்டு இரவு பன்னிரண்டு மணிக்கு வலரன்ட் விளையாடிக் கத்தினால், "படுடா" எண்டு ஒரு சத்தம் வரும், அதோடு சரி. பெட்டை மைக்கில் கதைத்தால் ஆரோட கதைக்கிறாய், அவன் எந்த ஊர், உனக்கு அவனை எப்படித் தெரியும். அவள் கூடக் காசு கொடுத்து, குறைந்த வேகத்தை வாங்கி, விசிறிச் சத்தத்தையும் சேர்த்துப் பொறுத்தது ஒரு கதவுக்காக. பட்டியல் போட்ட எங்களில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. அப்படி ஒரு மேசையில் எங்களை ஒருத்தரும் கேள்வி கேட்டதில்லை, அதனால் தோன்றவில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கு. கொக்குவிலில் எங்கட சிநேகிதன் ஒருவன் 2023இல் சீட்டுக்காசில் டெஸ்க்டொப் கட்டி ஹோலில் வைத்தான். இரண்டு மாதத்தில் அது தங்கச்சியின் சூம் வகுப்பு, சின்னம்மாவின் வீடியோ கோல், அப்பாவின் செய்தி எண்டு ஆனது. இவனுக்கு முறை வருவது இரவு பதினொண்டுக்குப் பிறகு. கனநாள் புறுபுறுத்தான். ஆனால் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்த அந்தத் தங்கச்சி அதே மெசினில் வீடியோ எடிட்டிங் பழகி, இப்ப கலியாண வீட்டு வீடியோக்களை வெட்டிக் காசு பார்க்கிறாள். அவன் வாங்கியது ஒரு லப்டொப்பாக இருந்திருந்தால் அது அவனோடு கம்பஸ் போர்டிங்குக்குப் போயிருக்கும்.

ஆகவே இப்ப ஆராவது கேட்டால் நாங்கள் முதலில் கேட்பது பட்ஜெட் இல்லை. அடுத்த நாலு வருசம் எங்கே படுப்பீங்கள்? அறைக்குக் கதவு இருக்கா? வீட்டில் வேறு ஆருக்கும் கொம்பியூட்டர் தேவையா? போர்டிங், ஹொஸ்டல் எண்டு அலைகிறவர் லப்டொப்பே எடுக்கட்டும். ஆனால் ஆக உயர்ந்த கார்டுக்குக் காசைக் கொட்டாமல் நடுத்தரக் கார்ட், நல்ல கூலிங், மாத்தக்கூடிய றாம் எண்டு பார்த்து எடுக்கட்டும். வீட்டோடு இருக்கிற பொடியன்களுக்கு எங்கட பதில் இப்பவும் டெஸ்க்டொப்தான், அதையும் தங்கச்சிக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்துவிட்டு வாங்கட்டும். வீட்டோடு இருக்கிற பெட்டையள் லப்டொப் எண்டு சொன்னால் நாங்கள் பட்டியல் போட்டு வாதாட மாட்டோம்.

லப்டொப் வாங்கினவளின் மெசினுக்கு நாலு வருசம் முடிந்துவிட்டது, பற்றரி வீங்கத் தொடங்கியிருக்கு. போன மாதம் வெள்ளவத்தையில் தனியாக ஒரு அறை எடுத்திருக்கிறாள். டெஸ்க்டொப்புக்குப் பட்டியல் போட்டுத் தரச்சொல்லிக் கேட்டாள். போட்டுக்கொண்டிருக்கிறோம். 2025 கடைசியிலிருந்து றாம் விலை ஏறுகிற ஏற்றத்தில் அந்த ஒரு வரியை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.