மோதிரத்தில் பொறித்த மூன்று சொற்கள்

அரசகுலத் திருமணங்களை வரலாற்று நூல்களில் படிக்கும்போது, எல்லைகளையும் கோட்டைகளையும் உடன்படிக்கைகளையும் பற்றியே மிகுதியும் படிக்கிறோம். மணமகளின் பெயர் ஒரு வரியில் வந்து மறைந்துவிடுகிறது. ஆயினும் அரிதாக ஒரு பெண்ணின் சொல் காலத்தைக் கடந்து நிற்பதுண்டு. போலந்து இளவரசி கத்தரீன் அம்மையாரின் சொல் அத்தகையது. அதனை இத்திங்கள் நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கத்தரீன் 1526ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாளன்று, கிராக்கோ நகரில் பிறந்தார். தந்தை போலந்து மன்னர் முதலாம் சிகிஸ்மந்து. தாய் இத்தாலியக் கோமகள் போனா ஸ்போர்சா. 1548இல் தந்தை மறைந்தார். 1556இல் தாயும் இத்தாலிக்குத் திரும்பிவிட்டார். அரியணை ஏறிய அண்ணன் சிகிஸ்மந்து அகுஸ்துவுக்கு அரசியல் கவலைகளே பெரிதாயிருந்தன. தங்கையரின் திருமணம் தள்ளிக்கொண்டே போயிற்று. 1560இல் மாஸ்கோ மன்னன் இவான் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். ‘கொடியவன்’ என்று வரலாறு பெயரிட்ட அதே இவான்தான். பேச்சு முறிந்தது. அந்த அவமதிப்பை அவன் மறக்கவில்லை.

அடுத்து வந்த வரன், பின்லாந்தின் கோமகன் யோவான். அவர் சுவீடன் மன்னன் பதினான்காம் எரிக்கின் தம்பி. மணமகளுக்கு 35 வயது, மணமகனுக்கு 24. அவள் கத்தோலிக்கர்; அவர் லுத்தரன் சபையினர். லிவோனியா என்னும் கடற்கரை நாட்டுக்காகச் சுவீடனும் போலந்தும் போட்டியிட்ட காலம் அது. 1562 அக்டோபர் 4ஆம் நாள் வில்னியஸ் நகரில் திருமணம் நடந்தது. மணமகன் தம் மைத்துனருக்கு 1,20,000 தாலர் கடன் கொடுத்து, ஈடாக லிவோனியாவில் ஏழு கோட்டைகளைப் பெற்றார். இதில் அன்புக்கு இடமேது என்று எவரும் கேட்கலாம்.

புதுமணத் தம்பதிகள் அவ்வாண்டு டிசம்பரில் பின்லாந்தின் தூர்க்கு கோட்டைக்கு வந்து சேர்ந்தனர். அங்கே அவர்கள் அமைதியாக வாழ்ந்தது எட்டுத் திங்களே. தம் விருப்பத்தை மீறிப் போலந்தோடு உறவு கொண்ட தம்பியை எரிக் துரோகி என்று கருதினான். யோவானுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1563 ஆகஸ்டில் முற்றுகைக்குப்பின் தூர்க்கு கோட்டை வீழ்ந்தது. யோவான் சுவீடனுக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்டார்.

அந்நேரம் கத்தரீனிடம் ஒரு தெரிவு வைக்கப்பட்டது. கணவரை விட்டுப் பிரிந்தால், அரச மகளுக்குரிய மதிப்போடு சுதந்திரமாக வாழலாம். உடன் சென்றால் சிறைதான். அம்மையார் வாதாடவில்லை என்றும், தம் விரலிலிருந்த திருமண மோதிரத்தைக் காட்டினார் என்றும் வழிவழியாகக் கூறப்படுகிறது. அதில் இலத்தீனில் மூன்று சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன: ‘நேமோ நீசி மோர்ஸ்’. ‘சாவன்றி வேறெவரும் எம்மைப் பிரிப்பதில்லை’ என்பது அதன் கருத்து.

கணவரோடு அவர் கிரிப்ஸ்ஹோம் கோட்டைக்குள் நுழைந்தார். அது இருட்டறையன்று, பணியாளரும் உடனிருந்தனர். ஆயினும் சிறை சிறையே. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அங்கே கழிந்தன. அங்கே பிறந்த மூத்த மகள் இசபெல்லா குழந்தைப் பருவத்திலேயே 1566இல் இறந்தாள். அதே ஆண்டு ஜூன் 20ஆம் நாள் மகன் சிகிஸ்மந்து பிறந்தான். ஒரே ஆண்டில் ஒரு குழந்தையைப் புதைத்து, மறு குழந்தையை ஈன்றெடுத்த அத்தாயின் உள்ளத்தை நம் அன்னையர் உணர்வார்கள்.

இதனினும் கொடிய ஆபத்து வெளியே உருவாகிக்கொண்டிருந்தது. 1567 பிப்ரவரியில் மாஸ்கோவோடு செய்த உடன்படிக்கையில், கத்தரீனை இவானிடம் ஒப்படைக்க எரிக் இசைந்தான். கணவன் உயிரோடிருக்க, கையில் பச்சைக் குழந்தையோடிருந்த பெண்ணை ஒரு பண்டம்போல் பேரம் பேசினர். ஆனால் எரிக்கின் மனநிலை பிறழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் தம்பதிகள் விடுதலை பெற்றனர். 1568இல் யோவானும் இளைய தம்பி சார்லசும் எழுச்சி செய்து எரிக்கை அரியணையிலிருந்து இறக்கினர். 1569 ஜூலையில் உப்சாலாவில் முடிசூட்டு விழா நடந்தது. கைதியாயிருந்தவர் அரசியானார்.

லுத்தரன் நாட்டின் அரசியான கத்தரீன் இறுதிவரை கத்தோலிக்க விசுவாசத்தில் நிலைத்தார். 1578இல் இயேசு சபைக் குரு பொசெவீனோவின் முன்னிலையில் யோவானும் இரகசியமாகத் திருச்சபையில் சேர்ந்தார். ஆனால் தாய்மொழியில் திருப்பலி, குருக்களுக்குத் திருமணம் முதலிய அவரது வேண்டுகோள்களைப் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் ஏற்கவில்லை. யோவான் மீண்டும் விலகினார். கணவரின் மனமாற்றம் நிலைக்காததைக் கண்டும் மனைவி தம் வழியை விடவில்லை, கணவரையும் விடவில்லை.

இதை ஒரு புனிதர் வரலாறாக நாம் எழுதவில்லை. தாம் அனுபவித்த சிறையை யோவான் தம் அண்ணனுக்கும் கொடுத்தார். எரிக் 1577இல் சிறையிலேயே இறந்தான். 1958இல் அவனது கல்லறையைத் திறந்து ஆராய்ந்தபோது உடலில் ஆர்செனிக் நஞ்சு காணப்பட்டது. துன்பம் எல்லாரையும் இரக்கமுள்ளவர்களாக்கிவிடுவதில்லை என்பதற்கு அதுவே சான்று.

கத்தரீன் 1583 செப்டம்பர் 16ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். உப்சாலாப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சிறையில் பிறந்த சிகிஸ்மந்து, தாய்வழி உரிமையை முன்வைத்து 1587இல் போலந்தின் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

திருமணப் பேச்சில் நகையும் நிலமும் அந்தஸ்தும் முன்னே நிற்பது அரண்மனைகளில் மட்டுமன்று. கத்தரீனின் திருமணமும் பிறரது கணக்கில்தான் தொடங்கியது. கோட்டைகளும் கடன் பத்திரங்களும் அதனைக் காக்கவில்லை. அவையே தம்பதிகளைச் சிறைக்கு அனுப்பின. பிறர் முடித்துவைத்த உறவைத் தமதாக்கிக்கொண்டது, சிறைவாயிலில் நின்ற அப்பெண்ணின் சொந்த முடிவே. பீடத்தின் முன் சொன்ன வார்த்தையை அவர் அங்கே இரண்டாம் முறை சொன்னார். நம் இல்லங்களிலும் அவ்வார்த்தையை மீண்டும் சொல்லவேண்டிய நாள்கள் வரும். நோயிலும், கடனிலும், மனத்தாங்கலிலும். அந்நாளில் நம் விரலிலுள்ள மோதிரத்தை நாமும் ஒருமுறை பார்ப்போமாக.