கறுப்பு எண்ணெய்க்கு ஒரு மூடி போடுங்க!

ஸ்ரீமுஷ்ணம்:

போன வாரம், காலை எட்டரை மணி. ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெரு. சின்ன வண்டி ஒன்று போகிறது. பின்னால் 20 லிட்டர் கேன். கேனுக்கு மூடி கிடையாது. வாயில் ஒரு பாலித்தீன் பையைப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார்கள்.

உள்ளே என்ன? பட்டறையில் வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய என்ஜின் ஆயில். போகும் இடம், வீடு கட்டுகிற சென்ட்ரிங் மேஸ்திரியிடம். பலகையில் சிமெண்ட் ஒட்டாமல் இருக்கத் தடவுவதற்காம்.

ரோட்டில் ஒரு பள்ளம். வண்டி குலுங்கியது. ரப்பர் பேண்ட் தெறித்தது. அரைக் கேன் எண்ணெய் நடு ரோட்டில்!

பின்னால் வந்த பால்காரர் முதலில் விழுந்தார். அடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போன ஒரு தகப்பனார் விழுந்தார். பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு. நல்லவேளை, அதோடு போயிற்று. பின்னாலேயே ஒரு பஸ் வந்திருந்தால்? இந்தச் செய்தியை வேறு பக்கத்தில், வேறு தலைப்பில் எழுத வேண்டி வந்திருக்கும்.

நல்ல எண்ணம் கொண்ட ஒருவர் ஓடி வந்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். எண்ணெய் இன்னும் அகலமாகப் பரவியது! மிச்சம் சாக்கடையில் இறங்கியது. டீக்கடைக்காரர்தான் விவரமானவர். அடுப்புச் சாம்பலையும் மணலையும் அள்ளிக் கொட்டினார். அப்புறம்தான் வண்டிகள் நகர்ந்தன.

"எங்க தம்பி கொட்டறது?"

கேன் எந்தப் பட்டறையிலிருந்து வந்ததோ அங்கேயே போய்க் கேட்டேன். மெக்கானிக் ஒளிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்க தம்பி கொட்டறது? குப்பை வண்டிக்காரங்க எடுக்க மாட்டேங்கறாங்க. பேரல் வெச்சா ராத்திரியில பேரலே காணாமப் போவுது. யாராவது கேட்டு வந்தா குடுத்துடறேன். வராட்டி பின்னாடி ஊத்திடறேன்."

பின்னாடி போய்ப் பார்த்தேன். மண் தார் மாதிரி கறுத்துக் கிடக்கிறது. பத்தடி தள்ளி ஒரு அடிபம்பு! அந்தப் பம்பில்தான் அவருடைய பையன்கள் தண்ணீர் அடித்து முகம் கழுவுகிறார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. பாதிக் குற்றம் அவருடையது. மீதிப் பாதி நம் ஊருடையது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பூமியைத் தூக்கிய பெருமாள் ஊரில்...

ஸ்ரீமுஷ்ணம் எப்படிப்பட்ட ஊர்? கடலுக்குள் போன பூமாதேவியைத் தூக்கி வந்த பூவராகப் பெருமாள் கோயில் கொண்ட ஊர். சுவாமியின் வியர்வையில் உண்டானது நித்ய புஷ்கரணி என்று தலபுராணம் சொல்கிறது. மாசி மகத்துக்கு இங்கிருந்து கிள்ளைக் கடற்கரை வரை பெருமாள் போய் வருகிறார். பூமியைக் காப்பாற்றிய சாமியின் ஊரில், பூமிக்குள் கறுப்பு எண்ணெயை இறக்கிக்கொண்டிருக்கிறோம்!

இது சின்ன விஷயமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். டிராக்டர் என்றால் ஏழெட்டு லிட்டர். லாரி, பஸ் என்றால் பத்து லிட்டருக்கு மேலேயே போகும். சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. டிராக்டர், பவர் டில்லர், அறுவடை இயந்திரம், ஆயில் என்ஜின் எல்லாமே எண்ணெய் குடிக்கிற ஜாதி.

ஒரு பட்டறையில் தினம் ஐந்து பைக் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை. 130 லிட்டர்! அப்படிப் பத்துப் பட்டறை இருந்தால் 1,300 லிட்டர். 200 லிட்டர் பேரலில் ஆறரை பேரல், ஒரே மாதத்தில்!

ஒரு லிட்டர் பழைய எண்ணெய் பத்து லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். பட்டறை வாசல் சாக்கடை வாய்க்காலில் சேருகிறது. வாய்க்கால் வயலுக்கும் ஏரிக்கும் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது வருஷம் முழுக்க ஊற்றியதெல்லாம் ஒரே நாளில் கிளம்பும்.

எண்ணெயும் வெள்ளமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் எண்ணூரில் பார்த்தோம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் முகத்துவாரம் வரை போனது. வலையும் படகும் கறுத்துப் போயின. மீனவர்கள் கையாலேயே அள்ளி எடுத்தார்கள். அது பெரிய ஆலை எண்ணெய்தான். ஆனால் பெரிய குழாயில் வந்தாலும் சின்னக் கேனில் வந்தாலும், தண்ணீரில் கலந்த பிறகு எண்ணெய் ஒன்றுதான்.

உள்ளே என்ன இருக்கு?

புது எண்ணெய் தேன் நிறம். என்ஜினுக்குள் ஓடி வெந்து வெளியே வரும்போது மை நிறம். தேய்ந்த இரும்புத்தூள், செம்புத்தூள், கரி, எரியாத பெட்ரோல் எல்லாம் அதில் கலந்திருக்கும். வருஷக்கணக்கில் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு என்பது மருத்துவர்களின் எச்சரிக்கை. பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளும் பையன் காலையிலிருந்து ராத்திரி வரை இதில்தான் கையை நனைக்கிறான். அப்புறம் பெட்ரோலில் கழுவுகிறான். அது இன்னும் மோசம். சோப்பு போதும். எண்ணெய் ஊறின துணியைப் பேண்ட் பாக்கெட்டில் செருகவே கூடாது.

இன்னொரு ஆபத்து, பேர் எழுதாத கேன். 1959-ல் மொராக்கோ நாட்டில், அமெரிக்க விமானத் தளத்தில் மிஞ்சிப்போன விமான என்ஜின் எண்ணெயைச் சில வியாபாரிகள் சமையல் எண்ணெயில் கலந்து விற்றார்கள். சுமார் 10,000 பேருக்குக் கை கால் விளங்காமல் போயிற்று.

அமெரிக்காவில் டைம்ஸ் பீச் என்று ஒரு ஊர். 1970-களில் தெருப் புழுதி அடங்கட்டும் என்று பழைய எண்ணெய் தெளித்தார்கள். அதில் ரசாயனக் கழிவு கலந்திருந்தது ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. டையாக்சின் என்ற கொடிய நஞ்சு மண்ணில் ஏறியது. 1983-ல் அரசாங்கமே விலை கொடுத்து ஊரைக் காலி செய்தது. இரண்டாயிரம் பேர் வீடு வாசலை விட்டுப் போனார்கள்.

நம்ம ஊரிலும் புழுதிக்குப் பழைய எண்ணெய் தெளிப்பதை, கரையானுக்குக் கம்பத்தில் பூசுவதைப் பார்க்கலாம். கேனுக்குள் எண்ணெய் மட்டும்தான் இருக்கிறது என்று யாரால் சத்தியம் பண்ண முடியும்?

போலி ஆயில் கூட்டம்

கிரைம் செய்தி சேகரிக்கிறவன் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய எண்ணெயை வடிகட்டி, நிறம் மாற்றி, கம்பெனி டப்பாவில் அடைத்துப் புதுசு என்று விற்கும் கூட்டம் நாட்டில் இருக்கிறது. அவர்களுக்கு இரண்டு சரக்கு தேவை. ஒன்று, கணக்கில்லாத பழைய எண்ணெய். இன்னொன்று, நசுங்காத காலி டப்பா. இரண்டுமே பட்டறையிலிருந்துதான் போகிறது!

யார் என்று தெரியாமல் கேனைத் தூக்கிக் கொடுக்கிறோம். அதே எண்ணெய் நம் வண்டிக்குள்ளேயே திரும்பி வந்து என்ஜினைத் தின்கிறது. ஆகவே டப்பா காலியானதும் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டுக் குப்பையில் போடுங்கள். வண்டிக்காரர்களே, மெக்கானிக் டப்பா சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என்ன செய்யணும்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை.

எண்ணெயை இறக்கும்போது அகலமான பேசினை வையுங்கள். ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வையுங்கள். அதிலேயே கொஞ்சம் எண்ணெய் தங்கியிருக்கும்.

ஊற்றி வைக்கிற கேன் கெட்டியாக இருக்கட்டும். திருகு மூடி வேண்டும். மூடிக்குள் வாஷர் வேண்டும். தண்ணீர் பாட்டில், சமையல் எண்ணெய் டின் கூடவே கூடாது. 'பழைய ஆயில்' என்று பெயிண்டில் பெரிசாக எழுதுங்கள். கழுத்து வரை நிரப்பாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் எண்ணெய் விரியும். நாலு விரல் இடம் விடுங்கள்.

பேரலை வெட்டவெளியில் நிறுத்தாதீர்கள். மேல் மூடியைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் சூடேறி ராத்திரி குளிரும்போது பேரல் அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த எண்ணெய்க்கு விலை கிடையாது. கூரைக்குக் கீழே, சிமெண்ட் தரையில் வையுங்கள். சுற்றி ஒரு வரிசை செங்கல் வைத்துப் பூசிவிடுங்கள். பேரலே ஓட்டையானாலும் உள்ளே இருப்பது மொத்தமும் அந்தத் தொட்டிக்குள் அடங்க வேண்டும். அதுதான் அளவு. ஒரு வரிசை போதாது என்றால் இரண்டு வரிசை. ராத்திரி காணாமல் போகாமல் இருக்க ஒரு சங்கிலி, ஒரு பூட்டு.

பெட்ரோல், தின்னர், பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் எதையும் இதில் கலக்காதீர்கள். கலந்தால் வாங்குகிறவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஏற்றிப் போகும்போது? ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். ஆட்கள் உட்கார்ந்த ஷேர் ஆட்டோவில் வைக்காதீர்கள். கேனை நிமிர்த்தி, ஒரு பிளாஸ்டிக் டப்புக்குள் வைத்து, கயிறு போட்டுக் கட்டுங்கள். கேனை ஒரு தரம் சாய்த்துப் பாருங்கள். மூடி கசிந்தால் அந்தக் கேன் வெளியே போகக்கூடாது. நிரம்பிய 200 லிட்டர் பேரலில் எண்ணெய் மட்டுமே 175 கிலோ இருக்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்று இறங்கினால் காலில் விழும்.

கொட்டிவிட்டால் முதலில் சாக்கடைப் பக்கம் மணலைப் போட்டு அணை கட்டுங்கள். தண்ணீர் வேண்டவே வேண்டாம். உமி நம்ம ஊரில் பஞ்சமா? உமியோ மரத்தூளோ கொட்டி ஊற விட்டு, கூட்டி அள்ளி, மூடி போட்ட டின்னில் வையுங்கள். வெல்டிங் செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சட்டம் இருக்கு... ஆள் வரணும்!

பழைய எண்ணெய் குப்பை அல்ல. காசு கொடுத்துத்தான் வாங்கிப் போகிறார்கள். சுத்திகரித்தால் மறுபடியும் நல்ல எண்ணெயாகும். இரண்டரை லிட்டர் புது எண்ணெய் எடுக்க 150 லிட்டருக்கு மேல் கச்சா எண்ணெய் வேண்டும். அதே அளவைப் பழைய எண்ணெயில் எடுக்க நாலு லிட்டரே போதும்!

சட்டமும் சும்மா இல்லை. போபாலுக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989-ல் அபாயகரமான கழிவு விதிகள் வந்தன. 2016-ல் அவை புது விதிகளாயின. பழைய எண்ணெய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அனுமதி பெற்றவரிடம்தான் போக வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய்க் கம்பெனிகளுக்கே பொறுப்பு. விற்ற எண்ணெயில் ஒரு பங்கை மறுசுழற்சி செய்து காட்ட வேண்டும். ஆரம்பத்தில் 5 சதவீதம், படிப்படியாக 50 சதவீதம்.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் கம்பெனி ஆள் சென்னைக்கும் கோவைக்கும் வருவார். ஸ்ரீமுஷ்ணம் பட்டறையில் இருக்கும் 130 லிட்டருக்காக யார் வருவார்? அங்கேதான் பேரூராட்சி வர வேண்டும்.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. ஒரு கூரை. ஒரு சிமெண்ட் தொட்டி. அதற்குள் நாலு பேரல். ஒரு நோட்டுப் புத்தகம். எந்தப் பட்டறை, எத்தனை லிட்டர் என்று எழுத ஒரு ஆள். மாதத்தில் ஒரு நாள், பதிவு பெற்ற சேகரிப்பாளரை வரவழைத்து எடை போட்டு ஏற்றி விடுவது. வருகிற பணத்தை அவரவர் லிட்டர் கணக்குப்படி பட்டறைக்காரர்களுக்கே பிரித்துக் கொடுங்கள். அப்புறம் பாருங்கள், யாராவது மண்ணில் ஊற்றுகிறார்களா என்று! மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கடலூரில் அலுவலகம் இருக்கிறது. எப்படி வைப்பது, யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

முதலில் இடம் கொடுங்கள். அதற்கு அப்புறமும் சாக்கடையில் ஊற்றினால் அபராதம் போடுங்கள். இடமே கொடுக்காமல் அபராதம் மட்டும் போட்டால், பகலில் ஊற்றியவர் ராத்திரியில் ஊற்றுவார். அவ்வளவுதான் நடக்கும்.

நேற்று அந்தக் கடைத்தெரு வழியாகத்தான் போனேன். சாம்பல் போட்ட இடம் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. பால்காரர் அந்த இடம் வந்ததும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்.

"அண்ணே, காய்ஞ்சு போச்சே?" என்றேன்.

"உனக்குக் காய்ஞ்சு போச்சு தம்பி. எனக்கு முட்டி இன்னும் வலிக்குது" என்றார்.

ஒரு மூடி விலை எவ்வளவு? அவருடைய முட்டியை விட அதிகமா?